நூலகக் கணிப்பொறியும் வாசகரின் அந்தரங்கமும்

நம் பள்ளி நூலகத்தின் சன்னலோரத்தில் 4 கணிப்பொறிகள் வந்து அமர்ந்த நாளை நம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம். இடைவேளை மணி அடித்ததும் நூலக வாசல் வரை வரிசை நின்றது. நூலக மன்றத்தைச் சேர்ந்த எங்களிடமே அவற்றைக் கவனிக்கும் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது. எங்களுக்குப் பெருமை தாங்கவில்லை. முதல் வேலையாக நீளமான குறிப்பேடு ஒன்று வாங்கி, சிவப்பு மையால் கோடிட்டு, 5 கட்டங்கள் பிரித்தோம்: பெயர், வகுப்பு, வந்த நேரம், சென்ற நேரம், தேடிய பொருள். முதல் நான்கும் சிஸ்டர் சொன்னவை. ஐந்தாவது கட்டம் எங்கள் சொந்த யோசனை. ஒருவரும் கேளாமலே நாங்கள் சேர்த்தது. அந்த ஐந்தாவது கட்டத்தினால் நேர்ந்ததையும், அதன்பின் நாங்கள் படித்தறிந்தவற்றையும் இங்கே எழுதுகிறோம்.

ஒருநாள் மதியம் மாணவி ஒருத்தி அந்தக் கட்டத்தை நிரப்பாமல் எழுந்து சென்றாள். எங்களில் ஒருத்தி அவளைக் கூப்பிட்டு நிறுத்தி, "எழுதிவிட்டுப் போ" என்றாள். அவள் தயங்கினாள். வற்புறுத்தவே, ஒரு நோயின் பெயரை எழுதிவிட்டு வேகமாக நடந்துவிட்டாள். அடுத்துக் கையெழுத்திட வந்தவள் அதைப் படித்தாள். அவளுக்குப் பின் வந்தவளும் படித்தாள். மாலை மணி அடிப்பதற்குள், அம்மாணவியின் தாயாருக்கு இன்ன நோய் என்று ஒரு வகுப்பு முழுவதும் பேசிக்கொண்டது. வீட்டில் தம்பி தங்கைகளுக்குக்கூட அதுவரை சொல்லப்படாத செய்தி அது. பின் இரண்டு வாரங்கள் அவள் நூலகப் பக்கமே வரவில்லை. நாங்கள் யாரும் தீய எண்ணத்துடன் செய்யவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். அவளிடம் அதைச் சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. (நோயின் பெயரை இங்கே நாங்கள் எழுதவில்லை, வகுப்பையும் எழுதவில்லை.)

சிஸ்டர் எங்களைக் கடிந்துகொள்ளவில்லை. குறிப்பேட்டை வாங்கி மேசையறையில் வைத்துப் பூட்டினார். பிறகு, "வாசகர் என்ன படிக்கிறார் என்பதை நூலகம் எவ்வளவு காலம் நினைவில் வைத்திருக்கவேண்டும்? இதைப் படித்து வந்து சொல்லுங்கள்" என்றார். கணிப்பொறியைப் பற்றிய கேள்வியாக எங்களுக்கு அது முதலில் தோன்றவேயில்லை. ஆனால் விடை தேடப் புகுந்தபோது, கணிப்பொறிக்கு வெகு காலத்துக்கு முன்பே நூலகர்கள் இதைப்பற்றி எண்ணியிருக்கிறார்கள் என்று கண்டோம்.

கிளை நூலகங்களில் புத்தகம் இரவல் எடுத்த பெற்றோர்களுக்குப் பிரௌன் முறை நினைவிருக்கும். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்க நூலகரான நீனா பிரௌன் வகுத்த முறை அது. நம் நாட்டு நூலகங்களில் நெடுங்காலம் வழங்கியது. வாசகருக்குப் பை போன்ற சிறு சீட்டுகள் தரப்படும். ஒரு நூலுக்கு ஒரு சீட்டு. நூலின் உள்ளே அதன் பெயரும் எண்ணும் எழுதிய அட்டை ஒன்று இருக்கும். நூலை எடுக்கும்போது அந்த அட்டையை உருவி, வாசகரின் சீட்டுப் பைக்குள் செருகி, நூல் திரும்பவேண்டிய தேதிவாரியாக ஒரு தட்டில் அடுக்கிவைப்பார்கள். நூல் திரும்பி வந்ததும் அட்டை நூலுக்குள் போய்விடும். சீட்டு வாசகர் கைக்கு வந்துவிடும். அவ்வளவுதான்! இன்னார் இந்த நூலைப் படித்தார் என்பதற்கு அதன்பின் எங்கும் ஒரு சான்றும் இல்லை. நூல் வெளியே இருக்கும்வரை நூலகத்துக்கு எல்லாம் தெரியும், திரும்பியவுடன் மறந்துபோகும். இவ்வளவு எளிய காகித வேலையில் இத்தனை நாகரிகம் இருந்திருக்கிறது என்பது எங்களுக்கு வியப்பாக இருந்தது.

இதற்கு மாறானது நியூவார்க் முறை. அதில் வாசகரின் எண்ணோ பெயரோ தேதியுடன் நூல் அட்டையிலேயே எழுதப்படும். நூல் திரும்பியபின்னும் அது அழியாது. நம் பள்ளியின் பழைய நூல்களில் அப்படிப்பட்ட அட்டைகள் இன்னும் இருக்கின்றன. அவற்றுள் ஒன்றில், 1986ஆம் ஆண்டுத் தேதிக்கு எதிரே, எங்களில் ஒருத்தி தன் அம்மாவின் பெயரையே கண்டுபிடித்துவிட்டாள்! அன்று நாங்கள் அடைந்த மகிழ்ச்சிக்கு அளவில்லை. வீட்டில் போய்ச் சொன்னபோது அந்த அம்மா முதலில் சிரித்தாராம், பிறகு, "எந்தப் புத்தகம்?" என்று சற்றே கலவரத்துடன் கேட்டாராம். பதிவுகள் இருப்பதில் இனிமையும் உண்டு என்பதை மறைக்காமல் சொல்கிறோம். ஆனால் "எந்தப் புத்தகம்?" என்று அவர் கேட்ட கேள்வியையும் மறக்க முடியவில்லை.

கணிப்பொறி வந்ததும் நிலைமை தலைகீழாயிற்று. காகிதத்தில் ஒன்றை நினைவில் வைக்க யாராவது முயற்சி செய்து எழுதவேண்டும். கணிப்பொறியிலோ ஒன்றை மறக்கத்தான் முயற்சி செய்யவேண்டும். யாரும் சொல்லாமலே அது எழுதிக்கொண்டே இருக்கும். நூலகங்களில் இப்போது பரவலாகப் பயன்படும் கோஹா என்னும் மென்பொருளை எடுத்துக்கொள்வோம். நியூசிலாந்தின் ஹோரோவெனுவா என்னும் பகுதியின் பொது நூலகங்களுக்காக ஆக்கப்பட்டு, 2000ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்த மென்பொருள் அது. எவரும் இலவசமாகப் பெறலாம். அதில் வாசகரின் இரவல் வரலாற்றை என்றென்றும் வைத்திருக்கலாம், நூலகம் குறித்த காலம்வரை வைத்திருக்கலாம், அல்லது நூல் திரும்பியதும் பெயரை நீக்கிவிடலாம். மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வசதியை வாசகருக்கே தரவும் முடியும். மூன்றாவது வழி பழைய பிரௌன் சீட்டேயன்றி வேறல்ல. ஆனால் யாராவது அதைத் தேர்ந்தெடுத்து வைத்தால்தான் உண்டு.

பதிவு இருந்தால் அதைக் கேட்பவர்களும் இருப்பார்கள். இதற்கு அமெரிக்க நாட்டில் நடந்த சில நிகழ்ச்சிகள் தக்க சான்று. அந்நாட்டு நூலகச் சங்கம் 1930களின் இறுதியிலேயே, வாசகரைப்பற்றித் தொழில்வழி அறிந்ததை நூலகர் வெளியிடலாகாது என்று தன் ஒழுக்க விதிகளில் சேர்த்தது. பனிப்போர்க் காலத்தில், எஃப்.பி.ஐ. என்னும் மத்தியப் புலனாய்வுத் துறையினர் அறிவியல் நூலகங்களுக்குச் சென்று, சோவியத் நாட்டவரும் அவரைச் சார்ந்தவர்களும் எவற்றைப் படிக்கிறார்கள் என்று விசாரித்தனர். 1987இல் நியூயார்க்கில் உள்ள கொலம்பியாப் பல்கலைக்கழக நூலகத்தில் அவ்வாறு கேட்டபோது, அங்கே பொறுப்பிலிருந்த பவுலா காஃப்மன் அம்மையார் மறுத்துவிட்டார். செய்தி இதழ்களில் வெளிவந்து நாடெங்கும் பேசப்பட்டது. பிறகு 2001 செப்டம்பர் தாக்குதலையடுத்து, அவ்வாண்டு அக்டோபரில் பேட்ரியட் சட்டம் பிறந்தது. நீதிபதியின் அனுமதியின்றியே புலனாய்வுத் துறை விவரம் கேட்டு அனுப்பும் கடிதங்களுக்கு அது முன்னினும் வலிமை தந்தது. அத்தகைய கடிதம் தனக்கு வந்ததென்று பெற்றவர் வாய் திறக்கவும் கூடாது.

2005ஆம் ஆண்டு ஜூலையில் கனெக்டிகட் மாநிலத்தில், இருபதுக்கும் மேற்பட்ட நூலகங்களுக்குக் கணிப்பொறிச் சேவை அளித்துவந்த கூட்டமைப்பு ஒன்றுக்கு இக்கடிதம் வந்தது. கேட்டது என்ன தெரியுமா? அவ்வாண்டு பிப்ரவரி 15ஆம் நாள் மாலை 4 மணிமுதல் 4.45 வரை, இன்ன இணைய முகவரி வழியாக நூலகக் கணிப்பொறியைப் பயன்படுத்தியது யார் என்பதே. முக்கால் மணி நேரம்! அந்த நேரத்தில் ஒருவரை மட்டும் பிரித்தெடுக்க வழியில்லை. அன்று மாலை அங்கே வந்து அமர்ந்த எல்லாருடைய விவரமும் கைமாறவேண்டி வந்திருக்கும். கூட்டமைப்பின் பொறுப்பாளர் ஜார்ஜ் கிறிஸ்டியன், நிர்வாகக் குழுவினரான பீட்டர் சேஸ், பார்பரா பெய்லி, ஜேனட் நோசெக் ஆகிய நால்வரும் கூடிப் பேசி, தர மறுத்து வழக்குத் தொடுத்தார்கள். வழக்கில் தங்கள் பெயரைக்கூட இட முடியவில்லை. தங்கள் வழக்கையே நீதிமன்றத்துக்குச் சென்று கேட்க முடியவில்லை. வேறோர் ஊரில், ஓர் அறையில் அமர்ந்து, தொலைக்காட்சித் திரையில் பார்த்தார்கள். பீட்டர் சேஸ் இந்தச் சட்டத்தைப்பற்றி ஊரெல்லாம் பேசிவந்தவர். இப்போது தமக்கே கடிதம் வந்திருக்கையில் அதைச் சொல்ல முடியாமல் வாய்மூடி இருக்கவேண்டியதாயிற்று. 2005 செப்டம்பரில் நீதிபதி இந்த வாய்ப்பூட்டு அரசியல் சட்டத்துக்கு முரணானது என்று தீர்ப்பளித்தார். அரசு மேல்முறையீடு செய்தது. பேட்ரியட் சட்டம் புதுப்பிக்கப்பட்டு முடிந்தபின், 2006 வசந்த காலத்தில்தான் அவர்கள் பேச முடிந்தது. அவ்வாண்டு ஜூனில் கடிதமே திரும்பப் பெறப்பட்டது.

கலிபோர்னியாவில் சாந்தா குரூஸ் நகரத்து நூலகங்கள் வேறு வழியைக் கைக்கொண்டன. கணிப்பொறிக்குப் பெயர் பதியும் தாள்களை அன்றாடம் கிழித்துப்போட்டு, வாசகர் அறியும்படி அறிவிப்பும் வைத்தார்கள். இதில் ஒரு நுட்பம் உண்டு. பதிவைக் கேட்டு ஆணை வந்தபின் அதை அழிப்பது குற்றம். ஆணை எதுவும் இல்லாத சாதாரண நாளில், முன்பே எழுதிவைத்த விதிப்படி அழிப்பது நிர்வாகம். ஆகவே எதை வைப்பது, எத்தனை நாள் வைப்பது என்பதை அமைதியான காலத்தில் முடிவு செய்துகொள்ளவேண்டும்.

நம் நாட்டில் எப்படி என்றால், 2011இல் மத்திய அரசு சைபர் கஃபே எனப்படும் இணைய மையங்களுக்கு விதிகள் வகுத்தது. வருபவர் அடையாள அட்டை காட்டவேண்டும். பதிவேட்டையும், பார்த்த இணையதளங்களின் விவரத்தையும் குறைந்தது ஓராண்டு வைத்திருக்கவேண்டும். தடுப்புகள் நாலரை அடிக்கு மேல் இருக்கலாகாது. மிரட்டல் கடிதமும் பண மோசடியும் இத்தகைய பொதுக் கணிப்பொறிகளிலிருந்து கிளம்புவதுண்டு. காவல் துறையின் கவலையில் நியாயம் இருக்கிறது. இவ்விதிகள் வணிகமாக நடத்தப்படும் மையங்களை நோக்கியவை. பள்ளி நூலகத்துக்கு எழுதப்பட்டவை அல்ல. மறுபுறம், 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்சநீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் அமர்ந்து, அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். 2023இல் இயற்றப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, 18 வயது நிரம்பாதவர்களின் நடத்தையைக் கணிப்பொறி வழியே பின்தொடர்ந்து கண்காணிப்பதைப் பொதுவாகத் தடுக்கிறது. அதற்கு விலக்குகளும் உண்டு.

இனிக் கணிப்பொறிக்கே வருவோம். அரசாங்கம் கடிதம் அனுப்புவது இருக்கட்டும்; நமக்குப் பக்கத்து நாற்காலியில் அமர்பவரால் நேரும் இழப்பே அதிகம். உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும் பருவத்தில் எங்கள் கணிப்பொறிகளின் டவுன்லோட்ஸ் பகுதியை ஒருநாள் திறந்து பார்த்தோம். ஆதார் அட்டைகள், சாதிச் சான்றிதழ்கள், வருமானச் சான்றிதழ்கள், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கங்கள், அப்பாவின் கையெழுத்து என்று குவிந்து கிடந்தன. யார் வேண்டுமானாலும் எடுத்துப்போயிருக்கலாம். படிவத்தை அனுப்பியதும் வேலை முடிந்தது என்று எண்ணி எழுந்துவிடுகிறோம். கோப்பை அழிப்பதோடு, குப்பைத் தொட்டியையும் காலி செய்தல் வேண்டும். மின்னஞ்சலைச் சாளரத்தை மூடுவதால் மட்டும் மூடியதாகாது. லாக் அவுட் கொடுத்தே எழவேண்டும். "கடவுச்சொல்லை நினைவில் வைக்கட்டுமா?" என்று உலாவி பணிவுடன் கேட்கும்போது, வேண்டாம் என்று சொல்லப் பழகவேண்டும். வங்கிக் கணக்கை நூலகக் கணிப்பொறியில் திறக்கவே வேண்டாம் என்பது எங்கள் கருத்து. 2011இல் இங்கிலாந்தின் செஷயர் பகுதியில் இரண்டு பொது நூலகங்களில், விசைப்பலகையின் கம்பிக்கும் கணிப்பொறிக்கும் நடுவே பென் டிரைவ் போன்ற சிறு கருவிகள் செருகப்பட்டிருந்ததைக் கண்டார்கள். அழுத்தும் ஒவ்வோர் எழுத்தையும் அவை பதிவு செய்பவை. அன்றுமுதல் நாங்களும் காலையில் கணிப்பொறிகளின் பின்புறத்தை ஒரு முறை குனிந்து பார்க்கிறோம். இதுவரை பல்லி முட்டையைத் தவிர வேறொன்றும் அகப்படவில்லை.

தனிச் சாளரம் திறந்தால் ஒருவருக்கும் தெரியாது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அது தவறு. அடுத்து அமர்பவருக்குத் தெரியாது, அவ்வளவே. பள்ளியின் இணைய இணைப்பைக் கவனிப்பவருக்கும், இணைப்புத் தரும் நிறுவனத்துக்கும், போய்ப் பார்த்த தளத்துக்கும் தெரியத்தான் செய்யும். இதைவிட உதவியானது, மறுமுறை தொடங்கும்போது கணிப்பொறியைப் பழைய நிலைக்கே கொண்டுவரும் மென்பொருள். ஒருத்தி எழுந்ததும் நிறுத்தித் தொடங்கினால், அவள் விட்டுச்சென்ற யாவும் நீங்கிவிடும். நிறுத்தாமலே அடுத்தவள் அமர்ந்தால் ஒரு பயனும் இல்லை. ஆகையால், ஒவ்வொருவருக்கும் 30 நிமிடம், பின் 2 நிமிடம் கணிப்பொறிக்கு ஓய்வு என்று வைத்திருக்கிறோம். வரிசையில் நிற்பவர்கள் இந்த 2 நிமிடத்துக்காக எங்களிடம் சண்டைக்கு வருகிறார்கள். வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது, சீர்காழியில் பிறந்த ரங்கநாதன் அவர்கள் 1931இல் வெளியிட்ட ஐந்து நூலக விதிகளுள் நான்காவது. அதை எங்களிடமே எடுத்துச்சொல்லி வாதாடுபவர்களும் இருக்கிறார்கள்!

நேரத்தைப் பங்கிடுவதில் நாங்கள் ஒரு பாரபட்சம் காட்டுகிறோம், ஒப்புக்கொள்கிறோம். விண்ணப்பத்தின் கடைசி நாள் நெருங்கியவர்களுக்கு முதலிடம். வீட்டில் கைப்பேசி இல்லாதவர்கள் சிஸ்டரிடம் தனியாகச் சொன்னால் போதும். வரிசையில் நிற்கையில் அதை எல்லார் முன்னும் சொல்லவேண்டியதில்லை.

பெற்றோர் கூட்டத்தில் இது பேசப்பட்டபோது ஒரு தந்தையார் எழுந்து, "என் மகள் என்ன பார்க்கிறாள் என்று அறிய எனக்கு உரிமை இல்லையா?" என்று கேட்டார். நல்ல கேள்வி. அவர் குரலில் கோபத்தைவிட அச்சமே மிகுந்திருந்தது. நாங்கள் அந்தப் பழைய குறிப்பேட்டைப்பற்றிச் சொன்னோம். அந்நிகழ்ச்சிக்குப் பிறகு, குறிப்பேடு பூட்டப்படும்வரை, ஐந்தாவது கட்டத்தில் எல்லாரும் "பாடம்", "பாடம்" என்றே எழுதியிருந்தார்கள். ஒரு பக்கம் முழுவதும் அதே சொல். அதைப் படித்து எந்தத் தந்தையும் எதையும் அறிந்திருக்க முடியாது. இன்னொரு தாயார், "கேட்டால் சொல்லும் பிள்ளைகூட, எழுதித்தான் ஆகவேண்டும் என்றால் பொய் எழுதும்" என்றார். அந்தத் தந்தையார் முழுவதும் சமாதானம் அடைந்ததாகத் தெரியவில்லை. ஆயினும் அவருடைய அச்சத்தை ஒதுக்கிவிட முடியாது. தகாத தளங்களைத் தடுக்கும் வடிகட்டி நம் இணைப்பில் போடப்பட்டிருக்கிறது.

வடிகட்டியும் குறையுள்ளதே. 2000ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்காவில், மத்திய அரசின் இணைய உதவி பெறும் நூலகங்களும் பள்ளிகளும் இதைப் பொருத்தவேண்டும் என்று சட்டம் வந்தது. நூலகச் சங்கம் எதிர்த்து வழக்காடியது. 2003இல் உச்சநீதிமன்றம், வயதுவந்தவர் கேட்டால் தடையை நீக்கிக்கொள்ளலாம் என்பதைச் சுட்டி, சட்டத்தை ஏற்றது. அக்கால வடிகட்டிகள் சொல்லைப் பார்த்து அடைப்பவை. மார்பு என்ற சொல் வந்தால் மார்பகப் புற்றுநோயைப்பற்றிய மருத்துவப் பக்கமும் அடைபட்டது. பெண்கள் படிக்கும் பள்ளிக்கு இது சிறிய குறை அன்று. தன் உடலைப்பற்றியோ தன் தாயின் உடலைப்பற்றியோ அறிய விரும்பும் மாணவிக்கு, "இது தடை செய்யப்பட்டது" என்று திரை சொல்லுமானால், தான் ஏதோ தவறு செய்ததாகவே அவள் நினைப்பாள். ஆகவே, அடைபட்ட பக்கத்தின் முகவரியை எழுதிப் போட, பெயர் எழுத இடமில்லாத சீட்டுகளுடன் ஒரு பெட்டி வைத்திருக்கிறோம். சிஸ்டர் பார்த்துத் திறந்துவிடுகிறார்.

நாற்காலிகளையும் மாற்றிப்போட்டோம். முன்பு வரிசையில் நிற்பவர்களின் கண்கள் நேரே திரையில் விழும். இப்போது திரைகள் சிஸ்டரின் மேசையிலிருந்து தெரியும், வரிசையிலிருந்து தெரியாது. யார் கண்ணுக்கும் படாத மூலையில் வைப்பதும் சரியன்று, எல்லார் கண்ணுக்கும் வைப்பதும் சரியன்று என்று சிஸ்டர் சொன்னார். அவர் தாமும் பின்னால் வந்து நிற்பதில்லை. அச்சுப்பொறிக்கு அருகில் கேட்பாரற்றுக் கிடக்கும் தாள்கள் அன்று மாலையே கிழிக்கப்படுகின்றன.

புதிய பதிவுத் தாளில் எண், வந்த நேரம், சென்ற நேரம் ஆகிய 3 கட்டங்களே உள்ளன. எந்த எண் யாருடையது என்ற பட்டியல் சிஸ்டரிடம் மட்டும் இருக்கிறது. கணிப்பொறி பழுதானாலோ யாரையேனும் யாரேனும் துன்புறுத்தினாலோ அவர் பார்ப்பார். ஒவ்வொரு வெள்ளிக்கிழமை மாலையும் அவ்வாரத் தாள்கள் கிழிக்கப்படும். மாதம் எத்தனை பேர் வந்தார்கள் என்ற எண்ணிக்கையை மட்டும் ஆண்டறிக்கைக்காக எழுதிவைத்துக்கொள்கிறோம்.

பழைய குறிப்பேட்டை என்ன செய்வது என்று சிஸ்டர் எங்களைக் கேட்கவில்லை. அம்மாணவியை அழைத்துக் கேட்டார். அவள் முழுவதையும் கிழிக்கச் சொன்னாள். தன் பக்கத்தை மட்டும் கிழித்தால், எந்தப் பக்கம் இல்லை என்று எல்லாரும் எண்ணிப் பார்ப்பார்கள் என்றாள். எங்களுக்குத் தோன்றாதது அவளுக்குத் தோன்றியது. தோட்டத்துக் குழியில் போட்டு எரித்தோம். இப்போது அவள் வாரம் இருமுறை நூலகத்துக்கு வருகிறாள்.

இக்கட்டுரையை அச்சுக்குத் தருமுன் அவளிடம் காட்டினோம். படித்துவிட்டு, ஒரு வரியை மட்டும் அடித்துத் திருப்பித் தந்தாள். அந்த வரி இங்கே இல்லை.